சிஸ்கெல் உட்கார்ந்த சீட்டில் இனி யார்?

1990களின் கடைசியில், கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது, வாடகைக்கு எடுத்துவரும் ஆங்கிலப் பட விசிடி அட்டைகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். ‘டூ தம்ப்ஸ் அப், சிஸ்கெல் அண்ட் ஈபர்ட்’. என் அறைத்தோழன் ஒருத்தன் அதை ரொம்ப நாள் நம்ம ஊர் தம்ஸ் அப் குளிர்பானத்தோட விளம்பரம்னே நினைச்சுக்கிட்டிருந்தான். நான் மட்டும் பெரிய அறிவாளியா என்ன? சிஸ்கெல் அண்ட் ஈபர்ட் என்பது ஏதோ ஆடிட்டர் கம்பெனி மாதிரி ஒரு நிறுவனம், படங்களுக்கு முத்திரை குத்தித் தருவது அதன் வேலை என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மனிதர்கள் என்று தெரியவந்தபோது அதில் ஒருவர் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. இன்னொருவர் குரலை இழந்து, தினமும் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவுகளைப் படிக்கப் போய், பழைய எபிசோடுகளை யூட்யூபில் தேடப் போய், கடைசியில் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேர் சண்டை போடுவதற்காகவே மக்கள் பார்த்த ஒரு நிகழ்ச்சியில், ஒருவர் போய்விட்டால் அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? அமெரிக்கத் தொலைக்காட்சி இந்தக் கேள்விக்கு 1982 முதல் 2011 வரை திரும்பத் திரும்ப விடை எழுதிப் பார்த்திருக்கிறது. அந்த விடைத்தாள்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் பின்னணி. சிகாகோவில் இரண்டு பெரிய காலை நாளிதழ்கள். டிரிப்யூனின் திரைப்பட விமர்சகர் ஜீன் சிஸ்கெல், 1969லிருந்து. சன்-டைம்ஸின் விமர்சகர் ராஜர் ஈபர்ட், 1967லிருந்து. ஈபர்ட்டுக்கு 1975இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. திரைப்பட விமர்சனத்துக்காக அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள் அவர்தான். சிஸ்கெல் யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர், ஒல்லி, உயரம். ஈபர்ட் குண்டு, மூக்குக்கண்ணாடி. இருவருக்கும் ஆகாது. ஒரே ஊரில் ஒரே வேலை செய்யும் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் சாதாரண எரிச்சல் இல்லை. ஒருத்தர் பேட்டி எடுத்தால் இன்னொருத்தருக்குத் தூக்கம் வராத அளவுக்கு.

1975இல் சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூ.டி.டி.டபிள்யூ. இந்த இருவரையும் கூப்பிட்டது. மாதம் ஒரு முறை, அரை மணி நேரம். இரண்டு பேருக்கும் விருப்பமில்லை, காரணம் மற்றவர். ஆனாலும் வந்தார்கள். ஆரம்ப எபிசோடுகளைப் பார்த்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடை ஏற்றப்பட்ட பையன்கள் மாதிரி விறைப்பாக இருப்பார்கள். தியா ஃப்ளாம் என்ற தயாரிப்பாளர்தான் அவர்களைப் பேச வைத்தார் என்று இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு அது ‘ஸ்னீக் ப்ரிவியூஸ்’ என்ற பெயரில் நாடு முழுக்கப் போனது.

நிகழ்ச்சியின் அமைப்பு இவ்வளவுதான். செட்டில் ஒரு தியேட்டர் பால்கனி. ஒருவர் கேமராவைப் பார்த்துத் தன் விமர்சனத்தைச் சொல்வார். நடுவில் படத்திலிருந்து ஒரு காட்சி ஓடும். முடித்ததும் பக்கத்து சீட்டுக்காரர் பக்கம் திரும்புவார். அங்கிருந்து எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது. ‘நீ இந்தப் படத்தைப் புரிஞ்சுக்கவே இல்லை’ என்ற ரகத்தில் ஆரம்பித்து எங்கே வேண்டுமானாலும் போகும். பார்க்கிறவர்களுக்கு இது பிடித்தது. ஏனென்றால் படம் விட்டு வெளியே வந்து, பைக் ஸ்டாண்டில் நின்று நாம் செய்வதும் அதுதானே.

1982இல் இருவரும் கூடுதல் சம்பளத்துக்கு டிரிப்யூன் நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவுக்குத் தாவினார்கள். புது நிகழ்ச்சியின் பெயர் ‘அட் தி மூவீஸ்’. பழைய நிலையத்துக்கு இப்போது பால்கனி இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. நீல் கேப்ளர், ஜெஃப்ரி லயன்ஸ் என்ற இருவரை உட்கார வைத்தார்கள். 1985இல் கேப்ளர் விலக, மைக்கேல் மெட்வெட் வந்தார். நியாயமாகச் சொன்னால் இது தோல்வி இல்லை. 1996 வரை, பதினாலு வருஷம் ஓடியது. ஆனால் அந்தப் பதினாலு வருஷத்திலிருந்து ஒரு சண்டையை யாராவது நினைவு வைத்துச் சொல்லி நான் படித்ததில்லை. இந்த ஜெஃப்ரி லயன்ஸ் பெயரை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1986இல் மறுபடியும் அதே கதை. சிஸ்கெலும் ஈபர்ட்டும் டிஸ்னியின் புவெனா விஸ்டாவுக்குப் போனார்கள். கட்டைவிரல் தீர்ப்பு வந்தது இங்கேதான். அவர்கள் விட்டுவிட்டுப் போன ‘அட் தி மூவீஸ்’ நிகழ்ச்சிக்கு ரெக்ஸ் ரீட், பில் ஹாரிஸ் என்ற இருவர் வந்தார்கள். ரீட் அப்போதே பிரபலம், நாக்கு கத்தி மாதிரி. ஹாரிஸ் சினிமாச் செய்தி வாசிப்பவர். 1990இல் நிகழ்ச்சி மூடப்பட்டது.

ஆக, நாலு வருஷ இடைவெளியில் இரண்டு நிறுவனங்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: செட்டும் பெயரும் நம்மிடம் இருக்கிறது, இரண்டு பேரை உட்கார வைத்தால் போதும். எங்கள் துறையில் இதைத் தினமும் பார்க்கிறோம். ஒரு ஆள் வேலையை விட்டுப் போவார். அவர் செய்த வேலைகளைப் பட்டியல் போட்டு, அதையே தகுதி என்று விளம்பரம் கொடுத்து, பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுகிற ஒருவரை எடுப்பார்கள். முன்னொரு காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில், நான் எழுதும் ஒவ்வொரு புரோகிராமையும் கிழித்துத் தொங்கப்போடும் சீனியர் ஒருவர் இருந்தார். நானும் விடமாட்டேன், அவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பேன். அவர் போனபின் வந்தவர் என்னைவிட, ஏன் அவரைவிடவும், கெட்டிக்காரர். ஆனால் நான் எதை அனுப்பினாலும் ‘நல்லா இருக்கு’ என்று ஒரே வரியில் பதில் வரும். அடுத்த ஒரு வருஷத்தில் என் புரோகிராம்களின் தரம் என்ன ஆனது என்று இங்கே எழுத விருப்பமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1998 மே மாதம் சிஸ்கெலுக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்தே தொலைபேசியில் நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். திரும்பி வந்தும் உட்கார்ந்தார். நோய் எவ்வளவு தீவிரம் என்பதை ஈபர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை. 1999 பிப்ரவரி தொடக்கத்தில் கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொள்வதாக ஓர் அறிக்கை விட்டார். சீக்கிரம் குணமாகணும், இல்லாவிட்டால் ராஜருக்குத் திரையில் என்னைவிட அதிக நேரம் கிடைத்துவிடும் என்று அதிலேயே ஒரு கிண்டல். பிப்ரவரி 20ஆம் தேதி இறந்துபோனார். வயது 53.

இறுதிவரை தன்னிடம் மறைத்துவிட்டார்களே என்ற வலி ஈபர்ட்டுக்கு ரொம்ப நாள் இருந்தது. தனக்கு ஒரு நோய் வந்தால் யாரிடமும் மறைக்கக்கூடாது என்று அவர் முடிவெடுத்ததே அதனால்தான் என்று ‘லைஃப் இட்செல்ஃப்’ ஆவணப்படத்தில் அவர் மனைவி சாஸ் சொல்கிறார்.

அடுத்து ஈபர்ட் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி. முதல் வாரம் சிஸ்கெலுக்கான அஞ்சலி நிகழ்ச்சியை அவரே தொகுத்தார். அதற்கடுத்த வாரங்களில் சீட்டில் விருந்தினர்கள். நிரந்தரமாக யாரையும் அறிவிக்கவில்லை. அந்த சீசன் முடியும்வரை, ஆறு மாதத்துக்கும் மேல், நிகழ்ச்சியின் பெயர் ‘சிஸ்கெல் அண்ட் ஈபர்ட்’ என்றே இருந்தது. 1999 செப்டம்பரில்தான் ‘ராஜர் ஈபர்ட் அண்ட் தி மூவீஸ்’ என்று மாற்றினார்கள். அதிலும் இரண்டாவது பெயருக்கு இடம் இல்லை.

வந்து உட்கார்ந்தவர்களின் பட்டியல் வேடிக்கையானது. நியூயார்க் டைம்ஸின் ஜேனட் மாஸ்லின். பாஸ்டன் தொலைக்காட்சியின் ஜாய்ஸ் குல்ஹாவிக். எல்விஸ் மிட்செல். இணையத்தில் சினிமா வதந்தி எழுதிப் பிரபலமான ஹாரி நோல்ஸ். இந்தக் கடைசிப் பெயருக்கு அப்போது கிளம்பிய முணுமுணுப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். விமர்சகர்களின் கோயிலுக்குள் செருப்போடு ஒருவர் வந்த மாதிரி. 2000 பிப்ரவரியில் மார்ட்டின் ஸ்கார்செஸி வந்தார். தொண்ணூறுகளின் சிறந்த படங்கள் எவை என்று இருவரும் பட்டியல் போட்டார்கள். ஈபர்ட்டின் முதலிடம் ‘ஹூப் ட்ரீம்ஸ்’. ஸ்கார்செஸியின் முதலிடம் ‘தி ஹார்ஸ் தீஃப்’ என்ற சீனப் படம். எண்பதுகளில் எடுக்கப்பட்ட படம் அது. தொண்ணூறுகளில்தான் தனக்குப் பார்க்கக் கிடைத்தது என்று அதையும் சேர்த்துக்கொண்டார். அந்த அரை மணி நேரத்தைத் தேடிப் பாருங்கள், வீண்போகாது. ஆனால் அதில் சண்டை இல்லை. ஒரு ரசிகர் தன் ஆதர்ச இயக்குநரோடு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவே.

2000 ஜூலையில், சிஸ்கெல் இறந்து பதினேழு மாதம் கழித்து, பெயர் அறிவிக்கப்பட்டது. ரிச்சர்ட் ரோப்பர். வயது நாற்பது. சன்-டைம்ஸின் பத்தி எழுத்தாளர், அதாவது ஈபர்ட்டின் பத்திரிகையிலேயே வேலை பார்த்தவர். அரசியல், ஊர்வம்பு, விளையாட்டு என்று எல்லாம் எழுதுவார். சினிமா விமர்சகர் என்ற பதவி அவருக்கு இருந்ததில்லை. நாட்டில் இத்தனை விமர்சகர்கள் இருக்க, போயும் போயும் இவரா என்று விமர்சகர் வட்டாரத்தில் பெரிய சலசலப்பு.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு பழைய எபிசோடுகளை வரிசையாகப் பார்த்தபோது கருத்து கொஞ்சம் மாறியது. விருந்தினர்களில் பலர் ரோப்பரைவிட அதிகம் படித்தவர்கள், நிறையப் படம் பார்த்தவர்கள். ஆனால் அவர்களில் பலர் ஈபர்ட்டை ஈபர்ட்டாகவே நடத்தினார்கள். புலிட்சர் வாங்கிய பெரியவர், கால் நூற்றாண்டு அனுபவம், நான் விருந்தினர் என்ற மரியாதை அவர்கள் குரலில் தெரிகிறது. ரோப்பரிடம் அது குறைவு. ஈபர்ட் உணர்ச்சிவசப்பட்டு ஒரு படத்தைப் பாராட்டினால், எனக்கு அப்படித் தோணலை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். பதினேழு மாதம் தேடி ஈபர்ட் கண்டுபிடித்தது அந்தக் கூச்சமின்மையைத்தான் என்பது என் ஊகம். சிஸ்கெலுக்குச் சமமான அறிவாளியை அவர் தேடியிருந்தால் வேறு பெயர் வந்திருக்கும்.

குறையும் சொல்லியாக வேண்டும். சிஸ்கெலோடு நடந்த சண்டைக்குப் பின்னால் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. தோற்றால் நாளைக் காலை அலுவலகத்தில் முகம் காட்ட முடியாது. ரோப்பரோடு நடந்தது ஒரே அலுவலகத்தின் சண்டை. காரம் கம்மி. ஆனாலும் ரோப்பர் அந்தச் சீட்டில் எட்டு வருஷம் இருந்தார்.

2006இல் புற்றுநோய் சிகிச்சையின் சிக்கல்களால் ஈபர்ட் பேச்சை இழந்தார். இப்போது ரோப்பர் பழைய ஈபர்ட்டின் இடத்தில். வாரம் ஒரு விருந்தினர், மறுபடியும். இயக்குநர் கெவின் ஸ்மித் வந்தார், ஜே லெனோகூட வந்தார். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. ஈபர்ட் திரும்புவார் என்ற எதிர்பார்ப்பு இருந்ததால் யாரையும் நிரந்தரமாகப் போடவில்லை. இதற்கிடையில் 2007 ஆகஸ்டில் கட்டைவிரல்கள் காணாமல் போயின. ‘டூ தம்ப்ஸ் அப்’ முத்திரையின் உரிமை ஈபர்ட்டிடமும் சிஸ்கெல் குடும்பத்திடமும் இருந்தது. டிஸ்னியோடு ஒப்பந்தம் புதுப்பிப்பதில் இழுபறி. மென்பொருள்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். மொத்த அப்ளிகேஷனும் உன்னுடையது, ஆனால் உள்ளே ஓடுகிற முக்கியமான லைப்ரரியின் லைசென்ஸ் வேறொருத்தர் கையில்.

2008 ஜூலையில் ரோப்பரும் ஈபர்ட்டும் அடுத்தடுத்து வெளியேறினார்கள். டிஸ்னி இந்த முறை யாரையும் பரீட்சை பார்க்கவில்லை. பால்கனியைத் தூக்கிவிட்டுப் புது செட் போட்டது. இரண்டு பென்களை உட்கார வைத்தது. ஒருவர் பென் மேன்கவிட்ஸ். டர்னர் கிளாசிக் மூவீஸ் சானலின் தொகுப்பாளர்; ‘சிட்டிசன் கேன்’ திரைக்கதையில் பங்குள்ள ஹெர்மன் மேன்கவிட்ஸின் பேரன். இன்னொருவர் இருபதுகளில் இருந்த பென் லயன்ஸ். ஆமாம், 1982இல் காலியான சீட்டில் உட்கார்ந்த அதே ஜெஃப்ரி லயன்ஸின் மகன். இருபத்தாறு வருஷத்தில் அப்பாவும் பிள்ளையும் ஒரே ஆட்களின் நாற்காலியில். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் போனது, வீட்டில் யாரிடமாவது சொல்லலாம்னு பார்த்தா எல்லாரும் தூங்கிட்டாங்க.

இளைஞர்களைப் பிடிக்கவேண்டும் என்பது கணக்கு. கணக்கு தப்பானது. ‘ஐ ஆம் லெஜண்ட்’ படத்தை இதுவரை வந்த மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று பென் லயன்ஸ் முன்பு சொல்லியிருந்ததை வைத்து அவரை ஓட்டித் தள்ளினார்கள். 2008 அக்டோபரில் ஈபர்ட் தன் வலைப்பதிவில் விமர்சகர்களுக்கான சின்ன விதிப்புத்தகம் ஒன்று எழுதினார். நட்சத்திரங்களோடு போட்டோவுக்கு நிற்காதே, பாராட்டை அளந்து கொடு, இலவசங்களிடம் ஜாக்கிரதை. இது லயன்ஸுக்கு எழுதிய கடிதம் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஒரே சீசன். 2009இல் இருவரும் போனார்கள். எனக்குப் பாவமாக இருந்தது மேன்கவிட்ஸைப் பார்த்துத்தான். விஷயம் தெரிந்தவர், பழைய சினிமா பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

டிஸ்னி உடனே நேர் எதிர்த் திசையில் ஓடியது. நியூயார்க் டைம்ஸின் ஏ.ஓ. ஸ்காட், சிகாகோ டிரிப்யூனின் மைக்கேல் பிலிப்ஸ். இருவரும் ரோப்பர் காலத்தில் விருந்தினர்களாக வந்து பழகியவர்கள். விமர்சனமாக மட்டும் பார்த்தால், ஈபர்ட் இல்லாத ஆண்டுகளில் இதுதான் சிறந்த ஜோடி என்பேன். ஆனால் மாற்றுக் கருத்தைக்கூட மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் பேசிக்கொள்வது மாதிரி மரியாதையாகச் சொல்வார்கள். அதற்குள் காலமும் கடந்திருந்தது. ராட்டன் டொமேட்டோஸ் தளம் 1998லேயே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் நூறு விமர்சகர்களின் சராசரி கையில் கிடைக்கும்போது, வார இறுதியில் இரண்டு பேர் சொல்வதற்காக யார் காத்திருப்பார்கள்? வியாபார ரீதியாகக் கட்டுப்படியாகவில்லை என்று 2010 மார்ச்சில் டிஸ்னி அறிவித்தது. ஆகஸ்டில் கடைசி எபிசோட்.

இங்கே ஒரு இடைச்செருகல். ஒற்றை ஆள் நிகழ்ச்சிகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. பிபிசியில் வருஷத்தின் எண்ணையே பெயராக வைத்து ‘ஃபிலிம் 72’, ‘ஃபிலிம் 73’ என்று போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சியை பேரி நார்மன் கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். 1998இல் அவர் ஸ்கை நிறுவனத்துக்குப் போனதும் ஜோனதன் ராஸ் வந்தார், 2010 வரை இருந்தார். இருவரும் கொஞ்சமும் ஒட்டாத ரகம், ஆனால் நிகழ்ச்சி நின்றது. ஜோடி நிகழ்ச்சிக்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். மார்கரெட் பொமரான்ஸ், டேவிட் ஸ்ட்ராட்டன் இருவரும் 1986லிருந்து எஸ்.பி.எஸ். சானலில். 2004இல் ஏபிசிக்கு மாறினார்கள். எஸ்.பி.எஸ். அந்த இடத்தில் புது முகங்களைப் போட்டுப் பார்த்தது, சில வருஷத்தில் முடிந்தது. 2014 டிசம்பரில் இருவரும் ஓய்வு பெற்றபோது ஏபிசி யாரையும் தேடவில்லை. நிகழ்ச்சியையே முடித்துக்கொண்டது.

ஈபர்ட் முடித்துக்கொள்ளவில்லை. 2011 ஜனவரியில், பேச முடியாத நிலையில், மனைவியோடு சேர்ந்து தானே தயாரிப்பாளராகி ‘ஈபர்ட் பிரசன்ட்ஸ் அட் தி மூவீஸ்’ ஆரம்பித்தார். படப்பிடிப்பு 1975இல் தொடங்கிய அதே டபிள்யூ.டி.டி.டபிள்யூ. நிலையத்தில். முதலில் அறிவித்த ஜோடி அசோசியேட்டட் பிரஸ்ஸின் கிறிஸ்டி லெமிரும் எல்விஸ் மிட்செலும். ஒளிபரப்புக்கு முன்பே மிட்செல் விலகினார். அவர் இடத்துக்கு ஈபர்ட் கொண்டுவந்தது இக்னாட்டி விஷ்னெவெட்ஸ்கி. ரஷ்யாவில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா வந்தவர், வயது 24. டிஸ்னியும் இருபதுகளில் ஒருவரைத்தான் தேடியது, ஈபர்ட்டும் அதே வயதில்தான் எடுத்தார். ஆனால் இந்தப் பையன் சிகாகோவில் விமர்சகர்களுக்குப் படம் போடும் அரங்கத்தில் ஈபர்ட் கண்ணெதிரே வாராவாரம் படம் பார்த்தவன். லெமிர் பெரிய செய்தி நிறுவனத்தின் விமர்சகர், இவன் யாருக்கும் தெரியாத படங்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவன். இவர்கள் ஒத்துப்போக ஒரு காரணமும் இல்லை. 1975இல் நடந்த மாதிரியே.

ஈபர்ட் தம்பதி கணிசமான சொந்தப் பணத்தைப் போட்டார்கள். புரவலர் கிடைக்கவில்லை. 2011 டிசம்பரோடு நின்றது.

2013 ஏப்ரல் 2ஆம் தேதி ஈபர்ட் தன் கடைசிப் பதிவை எழுதினார். புற்றுநோய் திரும்பியிருக்கிறது, வேலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்ற அறிவிப்பு. சிஸ்கெல் 1999இல் எடுத்தது ‘லீவ் ஆஃப் ஆப்சென்ஸ்’. ஈபர்ட் தன் பதிவுக்கு வைத்த தலைப்பு ‘எ லீவ் ஆஃப் பிரசென்ஸ்’. ஆப்சென்ஸுக்குப் பதில் பிரசென்ஸ், வந்துகொண்டே எடுக்கும் விடுப்பு. அதில் அடுத்து செய்யப்போகும் வேலைகளின் திட்டம் இருந்தது. ‘அட் தி மூவீஸ்’ நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிக்குத் திரும்பக் கொண்டுவர இணையத்தில் நிதி திரட்டப் போகிறோம் என்பதும் அதில் ஒன்று. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 4ஆம் தேதி, இறந்துபோனார்.